வாஷர் எழுதிய இருபத்து மூன்று புகார்கள்

எந்தக் கோளாறு என்றாலும் ஒரு வாஷரை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்புகிற மனிதருக்கு வேறு என்ன பட்டப்பெயர் கிடைக்கும்? எல்லாருக்கும் அவர் வாஷர்தான். சம்பளப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம். பொதுக் கட்டடங்களைப் பராமரிக்கிற அலுவலகத்தில் முப்பது வருடமாகக் குழாய் வேலை. இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு மருத்துவமனை, ஒரு நீச்சல் குளம், ஒரு கிளை நூலகம். இத்தனை இடத்துத் தண்ணீருக்கும் அவர்தான் பொறுப்பு.

மற்ற வீடுகளில் வேலை முடிந்து வருகிறவரிடம் டீ வேண்டுமா என்று கேட்பார்கள். வாஷர் வீட்டில் அவர் மனைவி கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனை புகார்?" ஏழு, எட்டு என்றால் நல்ல நாள். ஒன்றுமில்லை என்றால் மனிதர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புகார் என்ற வார்த்தையைக் கேட்டால் நமக்கெல்லாம் கோபம்தான் வரும். அவருக்கோ அது வேலைக்கு இன்னொரு பெயர். யாரோ கூப்பிடுகிறார்கள், நாம் போகிறோம், சரிசெய்கிறோம், பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். இதில் கோபத்துக்கு எங்கே இடம்?

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு புகார்தான் தீராத புகார், அது அவர் வீட்டிலேயே இருந்தது. மனைவி சமையலறைக் குழாயை மூடினால் மூடியதுதான். ஏதோ வெள்ளத்தையே தடுத்து நிறுத்துகிறவள் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவாள். வருடத்துக்கு மூன்று வாஷர் தேய்ந்து போகும்.

"இப்படி இறுக்கினா வாஷர் என்னத்துக்கு ஆகும்? குழாய் என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார் இவர்.

"சொட்டுச் சொட்டுன்னு சத்தம் கேட்டா எனக்குத் தலை வலிக்குது. உங்களுக்கென்ன, வாஷர் மாத்தறவருதானே, மாத்துங்க" என்பாள் அவள். முப்பது வருடமாக இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது, தீர்ப்பு மட்டும் வரவில்லை.

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில் புத்தகம் நுழைந்ததற்கும் ஒரு குழாய்தான் காரணம். கிளை நூலகத்தின் மாடிக் கழிவறையில் ஒரு குழாய் ஜாயிண்ட் விட்டுக்கொண்டது. கீழே கதை அலமாரி. காலையில் நூலகர் வந்து கதவைத் திறந்தபோது முப்பத்தெட்டுப் புத்தகங்கள் குளித்து முடித்திருந்தன. அவள் முப்பது வயதுக்காரி, தற்காலிக வேலையில் நான்காவது வருடம். போனில் பேசும்போதே அழுதுவிட்டாள்.

வாஷர் ஓடினார். ஜாயிண்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு வருடம் முன்பு அவரே போட்ட ஜாயிண்ட் அது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இன்னொரு அவசரம். லேசாக ஈரம் பூத்திருந்ததைப் பார்த்தும் பார்க்காதது போல 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடியிருந்தார். அந்த 'சரி'தான் இப்போது முப்பத்தெட்டுப் புத்தகங்களின் தலையில் கொட்டியிருந்தது.

குழாயைச் சரிசெய்ததோடு அவர் கிளம்பவில்லை. தரை முழுக்கப் புத்தகங்களை விரித்து நிறுத்தி, மின்விசிறியைச் சுற்றவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் காகிதம் செருகி, தாள் தாளாகத் திருப்பிக் காயவைத்தார். திருப்புகிறபோது கண் சும்மா இருக்குமா? ஒரு துப்பறியும் கதையில் மாட்டிக்கொண்டது. ஒரு பணக்காரர் செத்துக் கிடக்கிறார், வீட்டில் ஐந்து பேர், ஐந்து பேரும் பொய் சொல்கிறார்கள். மனிதர் ஈரத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பன்னிரண்டு பக்கம் வந்தபோது பார்த்தால், தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி அட்டை மாதிரி ஆகியிருக்கின்றன!

"மேடம், யாரு கொன்னா?" என்று கத்தினார்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நான் அதைப் படிச்சதில்ல" என்றாள் நூலகர். "வேலை முடிஞ்சதுன்னா அந்த நோட்டுல எழுதிடுங்க."

அவள் காட்டியது பராமரிப்புப் பதிவேடு. அதன் மேலே, கயிறு கட்டி, அதே நீல அட்டையில் இன்னொரு பதிவேடு இருந்தது: வாசகர் புகார்ப் பதிவேடு. ஆறு வருடத்தில் அதில் ஒரே ஒரு வரி, யாரோ மின்விசிறி சத்தம் போடுகிறது என்று எழுதியது. வாஷர் கைக்கு எது வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'புகார்' என்ற வார்த்தையை அட்டையில் பார்த்ததும் இதுதான் நம் நோட்டு என்று உரிமையோடு திறந்தார். குழாய் வேலையை எழுதினார். கீழே இன்னொரு வரியும் எழுதினார்: "துப்பறியும் கதை, கடைசிப் பன்னிரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டது. கொலைகாரன் யார் என்று தெரியவில்லை. மிக அவசரம்."

இரண்டு நாள் வீட்டில் கெட்டிலை வைத்து ஆவி காட்டி, மனைவியின் ஊசியால் தாள் தாளாகப் பிரித்து, கொலைகாரனைப் பிடித்தேவிட்டார். பிடித்தவர் சும்மா இருந்தாரா? மறுநாள் நூலகத்துக்குப் போய் எழுதினார்: "யார் கொன்றது என்பது நாற்பதாம் பக்கத்திலேயே கசிந்துவிட்டது. தோட்டக்காரர் கையில் காயம் என்று அப்போதே சொல்லியிருக்கக் கூடாது. எழுதியவர் ஜாயிண்டுக்கு டேப் சுற்றவில்லை. ஆனாலும் விடமாட்டேன், இதே ஆள் எழுதிய இன்னொன்று வேண்டும்."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. வாரம் ஒரு புத்தகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து படிப்பார். ருசி, ரகம் என்றெல்லாம் கிடையாது. அலமாரியில் எது கண்ணில் படுகிறதோ அது. படித்து முடித்தால் போதாது, பதிவேட்டில் எழுதினால்தான் வேலை முடிந்ததாக அவருக்குக் கணக்கு. எழுதும்போது மனிதருக்கு அப்படி ஒரு உற்சாகம்! பேனா தாளைக் கிழித்துவிடும் போல ஓடும். நூலகரோ, பாவம் அண்ணன், அந்த ஜாயிண்டை வாராவாரம் வந்து பார்த்து எழுதிவைக்கிறாரே என்று உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தாள்.

பேய்க்கதை ஒன்று படித்தார். அதற்கு எழுதியது இது: "பேய் வருவதற்கு முன்னால் சுவருக்குள் டொக் டொக் என்று சத்தம் வருகிறது. இது குழாயில் காற்று. வால்வைத் திறந்து காற்றை வெளியேற்றியிருந்தால் குடும்பமே பிழைத்திருக்கும். இதைத் தெரிந்து வைத்திருந்தும் நான் இரண்டு நாளாக மாடித் தொட்டிக்குத் தனியாகப் போகவில்லை. பயம் நன்றாக இருந்தது."

பழைய ராஜா காலத்துக் கதை, எழுநூறு பக்கம். அதையும் விடவில்லை. "அரண்மனையில் ஆயிரம் தூண் என்கிறார். முந்நூறு பேர் விருந்து சாப்பிடுகிறார்கள் என்கிறார். முந்நூறு பேர் கை கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று? ஒரு வரி இல்லை. சண்டைக் காட்சிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குதிரை விழுந்தபோது நானும் விழுந்தேன்."

காதல் கதைதான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது. "இருவருக்கும் நடுவில் சிறிய அடைப்பு. ஒரு வார்த்தை பேசினால் போயிருக்கும். முந்நூறு பக்கம் ஒருத்தரும் குத்திவிடவில்லை" என்று எழுதிவிட்டு அதையே மனைவியிடமும் சொன்னார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற அவள் எந்த மருத்துவரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். மூன்றே நாளில் அந்தக் காதலைப் படித்து முடித்து, "அவ ஏன் பேசணும்? தப்புப் பண்ணினது அவன். உங்களுக்கு எல்லாத்தையும் குத்திவிடணும்" என்று ஒரே போடாகப் போட்டாள். அடுத்த வாரமே வாஷர் அந்தப் புகாரின் கீழே சேர்த்தார்: "மறுபரிசீலனை செய்யப்பட்டது. அவள் பேசாதது சரி."

வானத்தைப் பற்றிய புத்தகம் அவரைப் பைத்தியமாக்கிவிட்டது. கருந்துளை என்று ஒன்று உண்டாம், உள்ளே போனது எதுவும் வெளியே வராதாம். நீச்சல் குளத்து ஆட்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "அடைப்பே ஆகாத வடிகால்டா! வெளிச்சமே உள்ள போயிடுமாம்! இத்தனை நாளா எனக்கு ஒருத்தனும் சொல்லலையே!" வெற்றி பெறுவது எப்படி என்று சொல்லித் தருகிற புத்தகத்தை மட்டும் பாதியில் மூடினார். ஒரே தண்ணீரைப் பம்ப் சுற்றிச் சுற்றி விடுகிறது என்பது அதற்கு அவர் எழுதிய முழு விமர்சனம். கவிதைப் புத்தகத்தைப் பார்த்ததும் முதலில் ஏமாற்று வேலை என்றார். தாளில் பாதி காலியாக இருந்தால் எந்தக் குழாய்க்காரனுக்குத்தான் சந்தேகம் வராது? நாலு நாள் கழித்து எழுதினார்: "தவறு என்னுடையது. குழாய் வாய் சிறுத்தால்தான் வேகம் வரும். ஏழாம் பக்கத்து நாலு வரி முகத்தில் அடித்தது."

இப்படி இருபத்திரண்டு. இருபத்து மூன்றாவது ஒரு மெல்லிய புத்தகம், யாரோ ஒரு பெண் தன் வாழ்க்கையை எழுதியது. அதற்கு அவர் எழுதியது மிகவும் சின்னது: "நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கசிவு. நிற்கவில்லை."

அந்த வாரம்தான் தலைமை நூலகத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். ஐம்பது வயது அம்மா, மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. நூலகரின் வேலை நிரந்தரமாகுமா, அல்லது இத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதானா என்பது இந்த ஆய்வறிக்கையில் இருந்தது. அவள் ஒரு வாரமாக அலமாரி துடைத்து, அட்டவணை சரிபார்த்து, எல்லாவற்றையும் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல வைத்திருந்தாள். அதிகாரி நீல அட்டையைத் திறந்தார். ஒரு தாளைத் திருப்பினார். இன்னொன்றைத் திருப்பினார்.

"ஆறு மாசத்துல இருபத்து மூணு புகார். ஒண்ணுக்குக்கூட நடவடிக்கை இல்ல. என்னம்மா இது?"

நூலகர் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். பேய், ராஜா, அடைப்பு, கசிவு! தெரிந்த கையெழுத்து!

"மேடம், இது புகாரே இல்ல. எங்க குழாய்க்கார அண்ணன் நோட்டு மாறி எழுதிட்டாரு. அடிச்சிடவா?"

"புகார்ப் பதிவேட்டுல அடிக்கக் கூடாது. புகார் வர்றது தப்பில்ல, தீர்க்காம வைக்கிறதுதான் தப்பு. நிலுவைக் கட்டத்துல நான் இருபத்து மூணுன்னு எழுதினா உங்க நிரந்தர ஆர்டர் வராது. புகார்தாரரை வரச் சொல்லுங்க, பேசிப் பார்ப்போம்."

நூலகர் போன் செய்தாள். "அண்ணே, ஒரு புகார் விஷயம், உடனே வாங்க" என்றுதான் சொல்ல வாய் வந்தது. பத்தே நிமிடத்தில் வாஷர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பைப் ரெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார்.

"நீங்கதான் புகார்தாரரா?" என்றார் அதிகாரி.

"ஆமா மேடம். எங்க கசியுது?"

"இருபத்து மூணு இடத்துல" என்றார் அவர், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

விஷயம் விளங்கியதும் வாஷருக்கு வேர்த்துக் கொட்டியது. ஏற்கெனவே ஒரு தடவை இந்தப் பெண்ணின் தலையில் தண்ணீரைக் கொட்டியாயிற்று, இப்போது அவள் வேலையிலேயே கொட்டிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் வழி அவருக்கே தெரிந்ததுதான். புகார் கொடுத்தவர் திருப்தி என்று கையெழுத்துப் போட்டால் புகார் முடிந்தது. முப்பது வருடமாக மற்றவர்களிடம் வாங்கியதை இன்று தானே போட வேண்டும், அவ்வளவுதானே.

"போட்டுடறேன் மேடம், எல்லாத்துக்கும் போட்டுடறேன்!"

"சும்மா போட முடியாது. நடவடிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல எதாவது எழுதணும். படிங்க முதல்ல."

வாஷர் ஒவ்வொன்றாகப் படித்தார். அதிகாரி ஒவ்வொன்றுக்கும் நடவடிக்கை எழுதினார். பேய்க்கதைக்கு, "புகார்தாரருக்குப் பயம் தெளிந்தது." ராஜா கதைக்கு, "பழங்கால வடிகால் பற்றிய நூல் வாங்கப் பரிந்துரை." காதல் கதைக்கு, "புகார்தாரரின் மனைவி விளக்கம் அளித்தார்." கவிதையைப் படித்தபோது அந்த அம்மா ஏழாம் பக்கத்தைத் தானே எடுத்துப் பார்த்தார். கருந்துளைக்கு வந்தபோது இருவரும் பத்து நிமிடம் விண்வெளி பேசினார்கள், நூலகர் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சின்ன நூலகத்தில் புத்தகத்தைப் பற்றி அவ்வளவு கலகலப்பான பேச்சு அதற்கு முன் நடந்ததில்லை. வாஷர் கையெழுத்தாகப் போட்டுத் தள்ளினார். இருபத்திரண்டு முடிந்தது.

இருபத்து மூன்றில் பேனா நின்றது.

"போடுங்க" என்றார் அதிகாரி. "இது ஒண்ணுதான்."

"இது முடியல மேடம்."

"அண்ணே" என்றாள் நூலகர். "ஒரு கையெழுத்துதானேண்ணே."

வாஷர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "முப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவை, சொட்டறது தெரிஞ்சும் சரின்னு கையெழுத்துப் போட்டேம்மா. அது உன் முப்பத்தெட்டுப் புஸ்தகத்து மேல கொட்டிச்சு. மறுபடியும் எப்படிப் போடுவேன்? உன் வேலையை நினைக்காம இல்ல. ஆனா இது நிஜமா இன்னும் நிக்கல."

"அப்படி என்ன இருக்கு அந்தப் பக்கத்துல?" என்று அதிகாரி கேட்டார்.

வாஷர் சொன்னார். புத்தகம் எழுதிய பெண்ணின் கணவர் குழாயை இறுக்கி மூடுகிற ஆள். அவளால் திறக்கவே முடியாது, தினமும் அதற்கு ஒரு சண்டை. ஒரு நாள் காலையில் குழாயை மூடிவிட்டு வெளியே போனவர் உயிரோடு திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தக் குழாயைத் திறக்கவே இல்லை. குளியலறையிலிருந்து வாளியில் தண்ணீர் எடுத்து வந்து சமைத்தாள். மகன் ஒரு குழாய்க்காரரைக் கூட்டி வந்தபோது கை நீட்டித் தடுத்தாள். அதைக் கடைசியாக மூடியது அவர் கை, அது அப்படியே இருக்கட்டும் என்றாள்.

"எத்தனை வீட்டுல நான் கேக்காம கொள்ளாம ஒரே திருகா திருகித் தொறந்திருப்பேன், மேடம்! யாரு மூடினதுன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல" என்றார் வாஷர். "எங்க வீட்லயும் ஒருத்தி இறுக்கித்தான் மூடுவா. முப்பது வருஷமாத் திட்டிக்கிட்டிருக்கேன்."

நூலகர் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அதிகாரி புத்தகத்தை வாங்கினார். மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தலையிலிருந்ததை மாட்டிக்கொண்டு, நின்றபடியே நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தார். மூடினார். மறுபடி திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, நடவடிக்கை என்ற கட்டத்தில் எழுதினார்: "நேரடி ஆய்வுக்காக நூல் எடுத்துச் செல்லப்படுகிறது."

"ஆய்வுல இருக்கறது நிலுவை ஆகாது" என்று சொல்லி, அறிக்கையில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார். புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மூன்று வாரம் கழித்து நூலகரிடமிருந்து போன். "அண்ணே! புகார் விஷயம், ஓடி வாங்க!" இந்தத் தடவை அவள் குரலே குதித்தது. இருந்தாலும் வாஷர் கருவிப் பையை எடுத்துக்கொண்டுதான் ஓடினார், பழக்கம் விடுமா? மேசைமேல் அவளுடைய நிரந்தர வேலைக்கான ஆர்டர். பக்கத்தில் அந்த மெல்லிய புத்தகம், அதற்குள் அதிகாரியின் முத்திரை வைத்த ஒரு தாள், பதிவேட்டில் ஒட்டச் சொல்லி.

வாஷர் முதலில் தாளைப் படிக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். தண்ணீர்க் கறையில் அவரை ஏமாற்ற முடியாது. கூரைத் தண்ணீர் பழுப்பாகக் காயும், குழாய்த் தண்ணீர் ஓரத்தில் வெள்ளை பூக்கும். இது இரண்டும் இல்லை. அவர் கண்ணிலிருந்து சொட்டிய சின்ன வட்டம் பக்கத்தின் கீழே இருந்தது. அதற்கு மேலே புதிதாக இன்னொன்று, அதே அளவு.

அதன் பிறகுதான் தாளைப் படித்தார். "புகார் எண் இருபத்து மூன்று நேரில் ஆய்வு செய்யப்பட்டது. கசிவு உண்மை. என் வீட்டிலும் பதினோரு மாதமாகத் திறக்காத ஒரு சன்னல் இருக்கிறது. இந்தப் புகாரை முடிக்க வேண்டியதில்லை."

பசை தடவி அவரே ஒட்டினார். கையெழுத்துக் கட்டத்தைக் காலியாக விட்டார். நூலகர் அடுத்து ஒரு கடற்பயணக் கதையை எடுத்து நீட்டினாள். கப்பலில் ஓட்டை விழுகிறதாம் என்றதும் மனிதர் அங்கேயே முதல் பக்கத்தைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவி முடித்திருந்தாள். "இன்னிக்கு எத்தனை புகார்?" என்று திரும்பாமலே கேட்டுவிட்டு, வழக்கம் போல இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். திருகிவிட்டு, வரப்போகும் திட்டுக்காக ஒரு நிமிடம் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

"என்னங்க, ஒண்ணும் சொல்லலையா?"

வாஷர் பையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். குழாயைப் பார்த்தார், ஈரமாக இருந்த அவள் கையைப் பார்த்தார்.

"நல்லா இறுக்கி மூடு" என்றார். "வாஷர் நான் மாத்திக்கறேன்."